தூங்கிய வண்டியை எழுப்பித் திருப்பதிக்கு ஓட்டலாமா?

பட்டறைத் திண்ணை

‘‘எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் 2011-ம் வருடத்துப் பொலிரோ வண்டியை வாங்கியிருக்கிறேன். 31,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. கடைசி இரண்டு வருடமாக அவர் வண்டியை எடுக்கவே இல்லை. மாட்டுக் கொட்டகையை ஒட்டிய சாய்ப்பில் நின்றது. புது பேட்டரி போட்டதும் ஸ்டார்ட் ஆகிவிட்டது. டயரில் பட்டன் அப்படியே இருக்கிறது. வைகாசியில் பேரனுக்குத் திருப்பதியில் முடி எடுக்க வேண்டும். பெரியவர், குழந்தை என ஏழு பேர் போகிறோம். நானே ஓட்டுவேன், தினமும் டிராக்டர் ஓட்டுகிற ஆள்தான். இன்னும் 20 நாள் இருக்கிறது. ஆயில் மாற்றினால் போதுமா, வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?’’

- வாசகர், ஒட்டன்சத்திரம் அருகில், திண்டுக்கல் மாவட்டம்.

ஆயில் மட்டும் மாற்றினால் போதாது. 20 நாளையும் ஒழுங்காகப் பயன்படுத்தினால் போகலாம். புறப்படுகிற முதல் நாள் மெக்கானிக்கிடம் விட்டு எடுத்துக்கொண்டு போகிற எண்ணம் இருந்தால், வாடகை வண்டி பேசிவிடுங்கள்.

‘31,000 கிலோமீட்டர்தான்’ என்று நீங்கள் சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த இடத்தில்தான் பயம் வந்தது. தினமும் ஓடுகிற வண்டியில் எது கெட்டாலும் ஓட்டுகிறவனுக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். நின்ற வண்டி எதையும் காட்டிக்கொடுக்காது. ரப்பர் காய்ந்திருக்கும், ஆயில் ஈரம் குடித்திருக்கும், இரும்பு துருவேறிப் பிடித்திருக்கும். இத்தனையும் வைத்துக்கொண்டு ஸ்டார்ட் மட்டும் ஜம்மென்று ஆகும். அதனால் வண்டி கிளம்புகிறதா என்று பார்ப்பதைவிட, நிற்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம். டயரும் பிரேக்கும் சரியாகாமல் மற்ற எதிலும் காசைப் போடாதீர்கள்.

முதலில் டயர். பட்டனைப் பார்க்காதீர்கள், வயதைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் ஆங்கிலத்தில் டாட் என்ற மூன்றெழுத்தில் தொடங்கி ஒரு வரிசை இருக்கும். அதன் கடைசியில் சின்ன வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2311 என்று இருந்தால், 2011-ம் வருடத்தின் 23-வது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். வெளிப்பக்கம் தெரியாவிட்டால் வண்டிக்கு அடியில் குனிந்து உள்பக்கம் பாருங்கள், ஒரு பக்கத்தில் மட்டும்தான் முழு எண் இருக்கும். உங்கள் வண்டி ஓடியிருக்கிற கணக்குக்கு, கம்பெனியில் இருந்து வந்த டயரே இன்னும் கிடக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஐந்தாறு வருடம் தாண்டிய டயரைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். பத்து வருடம் தாண்டினால், பட்டன் புதுசாக மின்னினாலும் கழற்றிவிட வேண்டும். மாட்டு வண்டிக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. 2008-ல் என் மச்சானுடைய ஜீப்பை எடுத்துக்கொண்டு சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். அதுவும் இப்படி வீட்டில் நின்ற வண்டிதான். புறப்படும் முன் இன்ஜினை ஒரு நாள் முழுக்கப் பார்த்தேன். டயரைக் காலால் ஓர் உதை உதைத்துவிட்டு, ‘கல்லு மாதிரி இருக்கு’ என்றேன். கல் மாதிரி இருந்ததுதான் கோளாறு. உளுந்தூர்பேட்டையைத் தாண்டி மத்தியானம் இரண்டு மணி வெயிலில், பின் டயர் உரித்துக்கொண்டு வெடித்தது. வண்டி ஒரு சுற்றுச் சுற்றி நடுத்திட்டில் ஏறி நின்றது. எதிரே வண்டி வராததால் எல்லோரும் உயிரோடு வந்தோம். என் மாமியாருக்கு மணிக்கட்டு முறிந்தது. அப்போது எனக்குப் பட்டறை வைத்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தக் கை கடைசிவரை சரியாகக் கூடவில்லை. அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை, ஆனால் சோறு போடும்போதெல்லாம் நான் அந்தக் கையைத்தான் பார்ப்பேன்.

பழைய டயர் உள்ளூர் ஓட்டத்தில் வெடிக்காது. சந்தைக்குப் போய்வந்தால் ஒன்றும் தெரியாது. வெயில், முழுப் பாரம், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம், நிற்காமல் இரண்டு மணி நேரம் என்று நான்கும் சேரும்போதுதான் அதன் வயது தெரியும். நீங்கள் போகப்போவது அப்படிப்பட்ட பயணம். ஆகவே நான்கையும் மாற்றுங்கள். ஸ்டெப்னிக்கும் அதே வயதுதான், அதையும் பாருங்கள். ஐந்துக்கும் பணம் இல்லையென்றால் இந்தத் தடவை வாடகை வண்டியில் போங்கள், டயரை அறுவடை முடிந்து போட்டுக்கொள்ளலாம். இரண்டு மட்டும் மாற்றி, ‘மெதுவாகப் போய்க்கொள்ளலாம்’ என்பது வேண்டாம். புது டயர் வாங்கும்போதும் கடையில் அந்த நான்கு எண்ணைப் பார்த்து வாங்குங்கள். கடையிலேயே மூன்று வருடம் தூங்கிய டயரும் உண்டு. காற்று எவ்வளவு என்பது டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் அல்லது வண்டிப் புத்தகத்தில் இருக்கும். ஏழு பேருக்கு முழுப் பாரத்துக்கான அளவை, டயர் ஆறியிருக்கும் காலை நேரத்தில் அடியுங்கள்.

அடுத்தது பிரேக். திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம், கிருஷ்ணகிரி, வேலூர், சித்தூர் வழியாகத்தான் போவீர்கள் என்று நினைக்கிறேன். போக மட்டும் 500 கிலோமீட்டருக்கு மேல். போகும்போது ஏறுகிற தொப்பூர் மேட்டில், வரும்போது தருமபுரிப் பக்கமிருந்து சேலம் நோக்கி இறங்க வேண்டும். அந்த இறக்கத்தில் லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகிற வண்டிகளை மோதுகிற செய்தியைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். அங்கே உங்கள் வண்டியும் தொடர்ந்து பிரேக் மிதித்துக்கொண்டே இறங்கும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இழுக்கும். புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் ஏறிய ஆயில் 140 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவி நிற்கும். பெடலை மிதித்தால் ஆவிதான் அமுங்கும், வண்டி நிற்காது. சமவெளியில் நன்றாகப் பிடித்த பிரேக் இறக்கத்தில் மட்டும் கைவிடுவது இதனால்தான். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதுமாக மாற்ற வேண்டும். உங்கள் வண்டியில் எப்போது மாற்றினார்களோ! டப்பாவில் குறைந்ததை மட்டும் ஊற்றி நிரப்புவது மாற்றியதாகாது. பழைய ஆயில் முழுக்க வெளியேறி, நான்கு சக்கரத்திலும் புது ஆயில் வரும்வரை ஏர் எடுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். மூடியில் எந்த வகை எழுதியிருக்கிறதோ அதுவே வேண்டும். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றுகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அது உள்ளே இருக்கிற ரப்பரையெல்லாம் ஊத வைத்துக் கெடுத்துவிடும்.

பின் சக்கர டிரம்மைக் கழற்றிப் பார்க்காமல் வண்டியை வாங்கி வராதீர்கள். வீல் சிலிண்டர் ரப்பரைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஈரம் இருக்கக்கூடாது. இருந்தால் கசிகிறது, மாற்ற வேண்டும். முன் டிஸ்க்கில் பிஸ்டன் துருப்பிடித்து நின்றிருக்கும், ஹேண்ட் பிரேக் கேபிள் இறுகியிருக்கும். இன்னொன்று, மாட்டுக் கொட்டகைப் பக்கம் நின்ற வண்டி என்கிறீர்கள். கோமியமும் ஈரமும் கலந்த காற்று இரும்பை அரிக்கும். வண்டியைத் தூக்கி, அடியில் ஓடுகிற பிரேக் குழாய்களை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பொரிந்து உதிர்ந்தால் அந்தக் குழாயை மாற்றியே ஆக வேண்டும்.

இனி மற்றவை. ஏற்கெனவே ஸ்டார்ட் செய்துவிட்டீர்கள், போகட்டும். இப்படி நின்ற வண்டியை வைத்திருக்கிற மற்றவர்கள், சாவி போடுமுன் பானெட்டைத் திறந்து ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள். எலியும் குளவியும் குடியிருக்கும், எலி இருந்தால் அதைத் தேடிப் பாம்பும் வரும். ஒருமுறை ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒரு படி கடலைத் தொலி இருந்தது. உங்கள் வண்டியிலும் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள், ஒயர்களை முழுக்கப் பாருங்கள். எலி கடித்த ஒயரை டேப் சுற்றி விடக்கூடாது. ஓட்டத்தில் அதிர்ந்து உரசி, அங்கிருந்துதான் தீப்பிடிக்கும்.

டேங்கில் இருக்கிற பழைய டீசலை இறக்கிவிடுங்கள். அடியில் தண்ணீரும் கசடும் நிற்கும். டீசல் ஃபில்டரைப் புதிதாகப் போட்டு, இன்னொரு ஃபில்டரை வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். டேங்கில் ஒட்டியிருக்கிற அழுக்கு முதல் நூறு கிலோமீட்டரில்தான் கழன்று வந்து அடைக்கும். இறக்கிய டீசலைத் தெளிய வைத்து டிராக்டருக்கு ஊற்றலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம், வீட்டில் இரண்டு வண்டி படுத்துவிடும்.

இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர் இரண்டும் கிலோமீட்டர் பார்க்காமல் மாற்ற வேண்டியவை. கியர் ஆயில், பின் ஹவுசிங் ஆயில் அளவு பார்க்க வேண்டும். கிராஸ், ஸ்டீயரிங் மூட்டு எல்லாவற்றுக்கும் கிரீஸ் அடிக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் மீட்டர் வைத்தால் 14 வோல்ட் வாக்கில் காட்ட வேண்டும். 13-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் ஏறவில்லை, நீங்கள் போட்ட புது பேட்டரி வழியில் தீர்ந்துவிடும்.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றியிருந்தால் இறக்கிக் கழுவி, கூலன்ட் ஊற்றுங்கள். உப்புத் தண்ணீர் கெட்டிலில் படிகிற மாதிரியே இன்ஜினுக்குள்ளும் படியும். ரப்பர் ஹோஸ்களை அமுக்கிப் பாருங்கள். அப்பளம் மாதிரி மொறுமொறுத்தாலும், ஊறிய மாதிரி கொழகொழத்தாலும் மாற்றிவிட வேண்டும். ஃபேன் பெல்ட்டும் அப்படித்தான். சூடு ஏறுகிறது என்று சொன்னதும் சிலர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிடுவார்கள். அது வைத்தியம் இல்லை, அடைப்பு எங்கே என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இத்தனையும் பத்து நாளில் முடித்துவிடுங்கள். மீதிப் பத்து நாள் வண்டியை ஓட்டிப் பார்க்கத்தான். இதைச் செய்யாதவர்கள்தான் அதிகம், வழியில் நிற்பவர்களும் அவர்கள்தான். முதல் நாள் ஊருக்குள் பத்து கிலோமீட்டர். இரவு வண்டிக்கு அடியில் பழைய அட்டையை விரித்துவிடுங்கள். காலையில் அட்டையில் எங்கே சொட்டியிருக்கிறது என்று பார்த்தால் எங்கே கசிவு என்று தெரியும். பிறகு பழனி வரை போய் வாருங்கள். வந்து இறங்கியதும் நான்கு சக்கரத்தின் நடுவிலும் கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள், சட்டென்று தொட்டுவிடாதீர்கள். ஒரு சக்கரம் மட்டும் மற்றதைவிட அதிகமாகக் கொதித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் கேட்கிறது. கடைசியாக, வீட்டு ஆட்கள் நாலைந்து பேரை ஏற்றிக்கொண்டு கரூர் வரை போய்த் திரும்புங்கள். 200 கிலோமீட்டர் ஆகும். மத்தியான வெயிலில் போங்கள். சூட்டு முள் எங்கே நிற்கிறது, ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா, எந்த வேகத்தில் ஆட்டம் வருகிறது என்று அப்போது தெரியும். கோளாறு வந்தால் கரூரில் வரட்டும், சித்தூரில் வேண்டாம்.

வீட்டு வாசலிலேயே ஜாக்கி வைத்து ஸ்டெப்னியை ஒருமுறை மாற்றிப் பழகுங்கள். துருவேறிய வீல் நட்டு ரோட்டோரத்தில் கழலாது.

காகிதங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆர்.சி உங்கள் பெயருக்கு மாறிவிட்டதா? வாங்கிய 30 நாளுக்குள் படிவம் 29, 30 கொடுத்து மாற்ற வேண்டும். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். ஆசிரியர் இரண்டு வருடம் வண்டியை எடுக்கவில்லை என்றால், பாலிசியைப் புதுப்பித்திருப்பாரா என்பதே சந்தேகம். பாலிசி இல்லாமல் விபத்து நடந்தால் இழப்பீடு உங்கள் தோட்டத்தில் வந்து நிற்கும். 2011-ல் பதிந்த சொந்த வண்டிக்கு 2026-ல் 15 வருடப் பதிவு முடிகிறது. ஆர்.சி-யில் தேதியைப் பாருங்கள், முடிந்திருந்தால் எஃப்.சி காட்டிப் புதுப்பித்த பிறகே எடுக்க வேண்டும். புகைச் சான்றும் வேண்டும். கண்ணாடியில் பழையவரின் ஃபாஸ்டேக் ஒட்டியிருந்தால் கிழித்துவிட்டு உங்கள் பெயரில் வாங்குங்கள். ஃபாஸ்டேக் இல்லாமல் டோல்கேட்டுக்குப் போனால் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும்.

கடைசியில் ஓட்டுகிற ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். டிராக்டர் ஓட்டுகிற கை நல்ல கைதான். ஆனால் நாலுவழிச் சாலையில் பஸ் உரசிக்கொண்டு போகும்போது பத்து மணி நேரம் ஓட்டுவது வேறு பழக்கம். வண்டி ஓடாமல் கிடந்த மாதிரி நமக்கும் அந்தப் பழக்கம் விட்டுப்போயிருக்கும். நெடுஞ்சாலை ஓட்டத் தெரிந்த இன்னொருவரை அழைத்துக்கொள்ளுங்கள். இரவு சாப்பிட்டுக் கிளம்பினால் காலையில் போய்விடலாம் என்று வீட்டில் சொல்வார்கள். விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்புங்கள், வேலூரில் தங்கினாலும் பரவாயில்லை. திருமலைக்கு வண்டியை ஏற்ற வேண்டாம். அடிவாரத்தில் நிறுத்திவிட்டு அரசு பஸ்ஸில் ஏறுங்கள், பஸ் வந்துகொண்டே இருக்கும். திரும்பும்போது தொப்பூரில் இருட்டுவதற்குள் இறங்குங்கள். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இறக்கத்தில் நியூட்ரல் போட்டு டீசல் மிச்சம் பிடிக்கிற வேலை வேண்டாம்.

‘‘சொந்தமாகக் குட்டி யானை வைத்திருக்கிறோம். காய்கறி ஏற்றாத நாளில் அதிலேயே குடும்பத்தோடு குலதெய்வம் கோயிலுக்குப் போய்வரலாமா? பின்னால் ஜமுக்காளம் விரித்து 12 பேர் உட்காரலாம்.’’

- வாசகி, மணப்பாறை.

வேண்டாம் அம்மா. அது சரக்கு வண்டி. பின்னால் ஆள் ஏற்றுவது குற்றம், பிடித்தால் வழக்கு. அதைவிடப் பெரிய விஷயம், விபத்து நடந்தால் பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு இன்ஷூரன்ஸ் பணம் வராது என்று கம்பெனி கைவிரிக்கும். மூட்டை சரிந்தால் திரும்ப அடுக்கலாம், ஆள் அப்படியா? 12 பேருக்கு ஒரு வேன் பேசி, செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

‘‘மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். அவனுடைய கார் ஒரு வருடம் வீட்டில் நிற்கப்போகிறது. வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் போதும் என்கிறார்கள். சரியா?’’

- வாசகர், அறந்தாங்கி.

ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பது நல்லதை விடக் கெடுதல்தான். இன்ஜின் முழுச் சூடு ஏறாமல், உள்ளே ஈரம் தங்கிவிடும். செல்ஃப் அடித்து இழுத்த கரன்ட்டும் பேட்டரிக்குத் திரும்ப ஏறாது. 15 நாளுக்கு ஒருமுறை யாராவது தெரிந்த ஆள் 20 கிலோமீட்டர் ஓட்டி வரட்டும். பிரேக், கிளட்ச், டயர் எல்லாமே அசைந்துகொடுக்கும். ஓட்ட ஆள் இல்லை என்றால் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். டேங்கை நிரப்பி வையுங்கள், காலி இடம் இருந்தால்தான் ஈரம் சேரும். ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், அப்படியே ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். டயரில் காற்றைக் கொஞ்சம் கூடுதலாக அடித்து, மாதம் ஒருமுறை காரை அரை அடி முன்னே தள்ளி வையுங்கள். மாட்டுக் கொட்டகைப் பக்கம் வேண்டாம் என்று மேலேயே சொல்லிவிட்டேன். உர மூட்டை அடுக்கிய அறையும் வேண்டாம். பொட்டாஷ் உப்பு காற்றில் ஈரம் இழுத்து இரும்பைத் தின்றுவிடும். மகன் வருகிற தேதி தெரிந்ததும், விமான நிலையத்துக்கு அதே காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே பிரேக்கும் டயரும் பார்த்து, அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டை வரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.